அனேலுஸுக்குத் திறந்த வழி

"சவ வண்டியை இங்க நிறுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று காவலாளி கேட்டுக்குப் பின்னாலிருந்து கத்தினான். கெர்தா அழைப்பு மணியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"உள்ள இருக்கிறது யாருன்னு பாரு. இருபத்தாறு வருஷம் இந்த கேட்டுக்குள்ள வண்டி ஓட்டிட்டு வந்த மனுஷன். தினமும் சல்யூட் அடிச்சியே, அவர்தான். போய் உங்க முதலாளியைக் கூப்பிடு."

காவலாளி வண்டியை எட்டிப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனான். மணி ஏழுதான். அதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. சவக்கிடங்கில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டது, காலையிலேயே எடுத்துப் போங்கள் என்று நேற்று சொல்லிவிட்டார்கள். அப்பாவின் சொந்த ஊரான லேயோகானில் அவர் அம்மாவைப் புதைத்த குடும்பக் கல்லறையைச் சுண்ணாம்படித்து வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள். நடுப்பகலில் பூசை. ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், மார்ட்டிசான் என்ற பேட்டை நடுவில் இல்லாவிட்டால்! அந்தச் சாலையைத் துப்பாக்கிக் கும்பல் மறித்து இரண்டு வருடமாகிறது. மலைப்பாதையில் இந்த ஓட்டை வண்டி ஏறாது. படகுக்காரர்களோ பிணம் ஏற்றினால் கடல் கோபிக்கும் என்றார்கள்.

தன் அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும் என்பது ஒன்றைத்தான் அப்பா வாழ்நாளில் வாய்விட்டுக் கேட்டிருந்தார். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண் என்று கெர்தா மூன்று நாளாகத் தூங்கவில்லை.

கைப்பேசி அடித்தது. மொன்ட்ரியாலிலிருந்து தம்பி ஃப்ரிட்ஸ்னர்.

"அந்த ஆள் வீட்டு வாசல்லயா நிக்கிற? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருச்சா? அவன் பேரை இங்க கனடாவுல தடைப் பட்டியல்ல போட்டிருக்காங்க. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னா என் குடியுரிமை பேப்பரெல்லாம் போச்சுக்கா!"

"சரிடா. அப்ப நீ வந்து தூக்கு."

இணைப்பைத் துண்டித்துவிட்டாள். துரை பனியில் உட்கார்ந்துகொண்டு புத்தி சொல்கிறார்!

கேட்டைத் திறந்தது முதலாளி டெல்கூரேதான், எல்லோரும் 'மெஸ்யே' என்று மரியாதையாக அழைப்பவர். கெர்தாவுக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. சிமென்டும் அரிசியும் கப்பல் கப்பலாக இறக்கியவர், சொந்தத் துறைமுகம் வைத்திருந்தவர், ரப்பர் செருப்பும் கசங்கிய சட்டையுமாக நின்றார். பின்னால் நீச்சல்குளம் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. கும்பல்களுக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்தார் என்று வெளிநாடுகள் தடைப் பட்டியலில் பெயர் போட்ட வாரமே வங்கிகள் கணக்கை மூடின. மயாமியில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் வர மாட்டேன் என்கிறார்கள், இவரால் போக முடியாது. பழைய நண்பர்கள் இந்தத் தெருப் பக்கமே காரைத் திருப்புவதில்லை. முன்பெல்லாம் மாதாமாதம் மயாமியிலிருந்து வந்துபோன அந்த மேடம்தான் அப்பாவின் பிரஷர் மாத்திரையையும் பையில் போட்டுக் கொண்டுவருவாள். அதுவும் நின்றது. அப்பா கிடைத்த மாத்திரையைப் பாதி பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டார்.

பட்டியல் வந்த அன்று தெருவே கைதட்டியது. கெர்தாவும் தட்டினாள். ஏன் தட்டமாட்டாள்? அவள் கணவன் ழோடெல் மினிபஸ்ஸில் வரும்போது குண்டு பட்டுச் செத்தது அதே மார்ட்டிசானில்தான். 'திருடனுக்கு வண்டி ஓட்டினவன் மக' என்று தண்ணீர்க் குழாயடியில் எவளாவது ஜாடை பேசினால் அவள் விட்டதில்லை. "எங்கப்பா பிடிச்சது ஸ்டியரிங்டி. கை சுத்தம்" என்று வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நிற்பாள்.

"மெஸ்யே, ஒரு போன் பண்ணுங்க. ஒரு மணி நேரம் வழி விடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்கன்னு ஊருக்கே தெரியும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

நான் யாரென்று நினைத்தாய் என்று குதிப்பார் என எதிர்பார்த்தாள். அவர் மறுக்கக்கூட இல்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். முதல் முறை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் முறை எவனோ எடுத்தான்; குரல் வெளியே வரை கேட்டது.

"யாரு? மெஸ்யேவா! இன்னும் உயிரோட இருக்கீங்களா?" பின்னால் சிரிப்பு கேட்டது. "உங்க கப்பல் நின்னு போச்சு. எங்க வயிறு நிக்கலையே. இப்ப நாங்களே பஸ்ஸை நிறுத்தி ஆள் பிடிச்சுப் பொழைச்சுக்கறோம். இனிமே இந்த நம்பருக்குப் போன் போடாதீங்க."

டெல்கூர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"உங்கப்பா அனேலுஸ் ஒரு கேள்வி கேட்டதில்லம்மா. எங்க போகணும்னு சொன்னாப் போதும்" என்றார். பிறகு தயங்கி, "நானும் கூட வரட்டுமா? பின்னால ஓரமா உட்கார்ந்துக்கறேன்" என்றார்.

"வேணாம் மெஸ்யே."

பாவம் என்று தோன்றியதற்காகக் கெர்தாவுக்குத் தன் மீதே எரிச்சல் வந்தது. திரும்பி வந்து வண்டியில் ஏறினாள். ஓட்டுநர் வில்னோ தலையைச் சொறிந்தான்.

"அப்ப இங்கயே பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு விடட்டுமாக்கா?"

நடுவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் வெள்ளைத் துணி கட்டி, பையை மடியில் வைத்து, நேராகப் பார்த்தபடியே இருந்தாள்.

"மார்ட்டிசானுக்கே விடு. கண்ணாடியை இறக்கி வை. மெதுவாப் போ, ஹாரன் அடிக்காதே. பழைய மீன் சந்தைகிட்ட நிறுத்தி இன்ஜினை அணைச்சிரு. அவங்களே வருவாங்க" என்றாள்.

"உனக்கெப்படிம்மா இதெல்லாம்?"

அம்மா வில்னோவைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தாள்.

சாலை காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் கதவில்லாத வீடுகள், எரிந்த டயர்கள், எவருடையதோ ஒற்றைச் செருப்பு. வில்னோ சத்தமாகவே ஜெபம் சொன்னான். மீன் சந்தைக்கு எதிரே கன்டெய்னரைக் குறுக்கே போட்டு, அதற்கு முன்னால் பள்ளம் வெட்டியிருந்தார்கள். இன்ஜின் அணைந்ததும் எங்கிருந்தென்று தெரியாமல் ஏழெட்டுப் பேர் வந்து சுற்றிக்கொண்டார்கள். முன்னால் வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும், தாடி.

"எவன்டா உங்களுக்கு வழி சொன்னது? எறங்கு! உள்ள என்ன?"

"எங்கப்பா. லேயோகான் போகணும்" என்றாள் கெர்தா.

தாடிக்காரன் பின் கதவைத் திறந்து, பெட்டி மூடியை ஒரு சாண் தூக்கினான். அப்படியே நின்றான். தொப்பியைக் கழற்றினான்.

"டேய்... நம்ம பப்பாடா. அனேலுஸ் பப்பா!"

மற்றவர்கள் முண்டியடித்து வந்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

"நீங்க கெர்தாதானே தங்கச்சி? உங்களைப் பத்தியே பேசுவாரு" என்றான் தாடிக்காரன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மாசம் முதல் சனிக்கிழமை டாண்ணு வந்துருவாரு. மேல அரிசி மூட்டை, அடியில சாமான். ஒருநாள் தவறினதில்ல. பசங்களுக்குக் கடலை மிட்டாய் வேற. மெஸ்யே மூஞ்சியை நாங்க எங்க பார்த்தோம்? கனடாக்காரனுக்கு மெஸ்யேவைத்தான் தெரியும். எங்களுக்கு எல்லாமே பப்பாதான்."

"என்ன சாமான்?" என்று கேட்டாள் கெர்தா.

தாடிக்காரன் விளங்காமல் அவளைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா வண்டியிலிருந்து இறங்கிப் பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"பிரிச்ச மூட்டையைத் திரும்பத் தைச்சது யாருன்னு நினைச்ச?" அம்மாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது. "ழோடெல் போனப்புறம் இனி போகாதீங்கன்னு காலைப் பிடிச்சேன். மூணு நாள் சாப்பிடாம கிடந்தாரு. நாலாவது நாள் சனிக்கிழமை. போயிட்டாரு."

கெர்தாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பெட்டியை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும், பெட்டிக்குள் இருக்கும் அந்த முகத்தில் ஒரு அறை விட வேண்டும். எதற்கும் அவர் எழுந்து பதில் சொல்லப் போவதில்லை. லேயோகானில் பூசைக்கு மணி அடிக்க ஆள் நின்றுகொண்டிருப்பான்.

"வண்டி இதுக்கு மேல போகாது. அந்தப் பக்கம் நம்ம பிக்கப் இருக்கு, டிரைவர் லேயோகான்லயே கொண்டுபோய் விடுவான். எவனும் கேக்க மாட்டான்" என்றான் தாடிக்காரன். "டேய், ஆளுக்கொரு கை போடுங்க."

துப்பாக்கிகளை முதுகுக்குத் தள்ளிக்கொண்டு ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். தாடிக்காரனும் கால்மாட்டில் தோள் கொடுக்க வந்தான். அவன் துப்பாக்கிக்கு வார் இல்லை. கீழே வைக்க மனமில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடிங்க. அந்த வளையத்துக்குள்ள மட்டும் விரலை விட்டுராதீங்க."

அவள் கைகள் தாமாகவே நீண்டன. வாங்கிய பிறகுதான் வாங்கிவிட்டது தெரிந்தது. வெயிலில் இரும்பு சுட்டது.

அவர்கள் பள்ளத்தைத் தாண்டி நடந்தார்கள். செத்தவர் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடக் கூடாதென்று ஊரில் செய்வதைப் போலவே இரண்டடி முன்னால், ஓரடி பின்னால், இடது பக்கம், வலது பக்கம் என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுபோனார்கள். ஒருவன் பாட ஆரம்பித்தான். அம்மா கையிலிருந்த பையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பின்னாலேயே போனாள். வில்னோ வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

கெர்தா கடைசியாக நடந்தாள். சாலை நீளமாக இருந்தது. பாதி தூரத்தில் வலது கை கடுத்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.