நிற்காமல் போன நீலத் தொப்பி

அந்த அரசு அலுவலக வளாகத்தின் முன்முற்றம் வழவழவென்று சிமெண்டு பூசியது. காலை நேரத்தில் அங்கே சக்கரங்களின் ராஜ்ஜியம்தான். காலில் ஸ்கேட்டிங் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு முப்பது பேர் சுற்றுவார்கள். கல்லூரிப் பெண்கள், ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரர், அவர்களோடு நாற்பத்து நான்கு வயது டைப்பிங் டீச்சர் ஒருவர்.

இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கு, எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மாணவி வம்பாகச் சக்கரத்தைக் கட்டிவிட்டாள். முதல் நாள் பதினோரு தடவை விழுந்தார். பன்னிரண்டாவது தடவை விழவில்லை. வாழ்க்கையில் யாருக்காகவும் இல்லாமல், தனக்கே தனக்கென்று அவர் செய்த முதல் காரியம் அதுதான். அந்தச் சந்தோஷத்தை விட மனம் வரவில்லை. கணவரிடம் மட்டும் வாக்கிங் போவதாகச் சொல்லி வைத்திருந்தார். முற்றத்தில் பேண்ட் சட்டையும் முகத்தை மறைக்கும் நீலத் தொப்பியுமாகத்தான் சுற்றுவார்.

கணவர் அதே வளாகத்தில், மனுப் பிரிவில் கிளார்க். பத்து மணி அலுவலகத்துக்குப் பத்தேகாலுக்கு முன் அவர் ஒருநாளும் வந்ததில்லை. அதனால் ரகசியம் பத்திரமாக இருந்தது.

ஒன்பது மணிக்கெல்லாம் சக்கரக்காரர்கள் கிளம்பிவிட வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. அப்போதுதான் மனு எழுதித் தருபவர் வந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் மடக்கு மேசையை விரித்து, டைப்ரைட்டரை வைப்பார். ஜனங்களும் வர ஆரம்பிப்பார்கள். டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம். “இன்னும் ஒரே ஒரு ரவுண்டு” என்பார். அது நாலு ரவுண்டாகிவிடும். ஒரு திங்கட்கிழமை அந்த நாலாவது ரவுண்டில், மேசையைத் தூக்கிக்கொண்டு வந்த மனுக்காரர்மேல் போய் மோதினார். மனுக்காரர் ஒரு பக்கம் விழுந்தார், மேசை ஒரு பக்கம் விழுந்தது. டீச்சரும் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எழுந்தார்.

அங்கே நின்றிருக்க வேண்டும். டீச்சர் நிற்கவில்லை. வந்த வேகத்திலேயே பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நாலு பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவர் இப்படிச் செய்யலாமா என்றால், செய்யக்கூடாதுதான். ஆனால் செய்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கணவர் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“பாவம், மனுக்காரருக்கு வலது மணிக்கட்டு பிசகிடுச்சு. கட்டுப் போட்டுருக்காங்க. எவனோ ஒருத்தன், நீலத் தொப்பியாம், தள்ளிவிட்டுட்டுத் திரும்பிக்கூடப் பாக்காம போயிட்டானாம்.”

குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் டீச்சருக்குப் புரையேறியது. “எவனோவா?”

“பின்ன, பொம்பளைங்களா இப்படிப் பறப்பாங்க? நான் ஆர்டரே எழுதி வெச்சுட்டேன். ‘வளாகத்தில் ஸ்கேட்டிங் அடியோடு தடை செய்யப்படுகிறது.’ ஒரே வரி. யாராவது ஒருத்தர் மனு குடுத்தாப் போதும், எங்க ஆபீசர் மேடம் கையெழுத்துப் போட்டுடுவாங்க. அது சரி, முழங்கால்ல என்ன காயம்?”

“வாக்கிங்ல தடுக்கிடுச்சுங்க.”

“பாத்துப் போகக் கூடாதா? உனக்கு எதுலயும் அவசரம்.”

மறுநாள் டீச்சர் சக்கரத்தைத் தொடவில்லை. உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று நேராக மனுக்காரரிடம் போனார். அங்கே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மனுக்காரர் இடது கையின் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும், டீச்சர் சொல்ல வந்தது ஒன்று, வாயில் வந்தது வேறொன்று.

“ஐயா, நான் டைப்பிங் சொல்லிக்குடுக்கறவ. கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா நான் அடிச்சுத் தர்றேன்.”

மனுக்காரர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்தார். டீச்சரின் விரல்கள் ஓடிய ஓட்டத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. “மெதுவாம்மா, நான் வாக்கியத்த யோசிக்கவே நேரம் பத்தல!” என்றார். காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கணவர் வருவதற்குள் டீச்சர் கிளம்பிவிட்டார். புதன்கிழமையும் வந்தார். அன்றும் சொல்லிவிடத்தான் வந்தார்; அன்றும் வாய் வரவில்லை.

வியாழக்கிழமை கூட்டம் இல்லை. மனுக்காரர் தாளை எடுத்து நீட்டினார்.

“டீச்சர், இன்னைக்கு என்னோட மனு ஒண்ணு அடிங்க. ஊருக்கெல்லாம் எழுதறேன், எனக்குன்னு ஒண்ணு எழுதினதே இல்ல. கை சரியாகட்டும்னு இருந்தேன். நீங்கதான் இருக்கீங்களே.”

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த மனு உள்ளே போனால் முற்றம் மூடப்படும். அந்த முப்பது பேருக்கும் இடம் போய்விடும், தனக்கும் போய்விடும். ‘நேரமில்லை’ என்று எழுந்து போயிருக்கலாம். அவர் தாளைச் செருகினார்.

“எழுதுங்க. திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, நீலத் தொப்பி அணிந்த ஆசாமி ஒருவர், முன்பின் பாராமல், மனிதப் பண்பு சிறிதும் இன்றி...” மனுக்காரர் நிறுத்தினார். “இன்னும் காரமா ஒரு வார்த்தை வேணும். நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன்.”

டீச்சர் யோசித்தார். “‘கோழைத்தனமாக’ன்னு போடலாமா?”

“ஆங்! அதேதான்! போடுங்க!”

டீச்சர் போட்டார். ஸ்கேட்டிங்கை அடியோடு தடை செய்ய வேண்டும் என்ற வரியையும் ஓர் எழுத்துக்கூட விடாமல் அடித்தார்.

“கடைசியா, ‘மோதியவர் யாரென்று தெரியவில்லை’ன்னு முடிச்சுடுங்க.”

விரல்கள் நின்றுவிட்டன. அது பொய். அதைத் தன் கையாலேயே அடிக்க டீச்சரால் முடியவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு வரி அடித்து, தாளை உருவிக் கொடுத்தார்.

மனுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். “‘மோதியவர், இந்த மனுவைத் தட்டச்சு செய்த ஆசிரியைதான்.’ என்னம்மா இது?”

“நான்தான்யா அந்த நீலத் தொப்பி. தினமும் சொல்லணும்னுதான் வந்தேன். பயத்துல வாய் வரல. என்னை மன்னிச்சுடுங்க.” டீச்சர் அழுதேவிட்டார்.

மனுக்காரர் முகம் சிவந்தது. “மூணு நாளாப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே!” என்றார். பிறகு அந்தத் தாளை மறுபடி மேலிருந்து படித்தார். ‘கோழைத்தனமாக’ என்ற வார்த்தை கண்ணில் பட்டதும் அவரை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களத் திட்ட உங்ககிட்டயே வார்த்தை கேட்டிருக்கேன் பாருங்க. சரி, எழுந்திருங்க. உள்ள போவோம்.”

மனு முறைப்படி மனுப் பிரிவுக்குப் போனது. மனுக்காரர் மேடத்தின் அறைக்குள் போய் உட்கார்ந்தார். டீச்சர் வாசலுக்கு வெளியே நின்றார். கிளார்க் வெற்றி வீரரைப்போல மனுவோடு உள்ளே நுழைந்து, கம்பீரமான குரலில் மேடத்துக்குப் படித்துக் காட்டினார். கடைசி வரி வந்ததும் குரல் இறங்கியது.

“யாரு அந்த ஆசிரியை?” என்றார் மேடம்.

கதவைத் திறந்துகொண்டு டீச்சர் உள்ளே வந்தார். கிளார்க்குக்கு உலகமே ஒரு சுற்றுச் சுற்றியது.

“இது... இது எங்க வீட்டம்மா மேடம்! ஏம்மா, வாக்கிங்னுதானே சொன்னே?”

“சக்கரத்தோட வாக்கிங்குங்க,” என்றார் டீச்சர் தலையைக் குனிந்தபடி.

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு மனுக்காரரிடம் திரும்பினார். “பாதிக்கப்பட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க, தடை போட்டுடலாமா?”

மனுக்காரர் கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டார். “மேடம், நாலு பேர் புழங்கற எடத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் மோதத்தான் செய்வாங்க. இடிச்சதுக்காக நான் இந்த மனுவ எழுதச் சொல்லல. நிக்காம போனதுக்காகத்தான். அன்னைக்கே நின்னு, ‘அடி பட்டுச்சா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த மனுவே இல்ல. தடை வேண்டாம். ஒழுங்கா விதி போடுங்க.”

மேடம் கிளார்க்கின் ஒற்றை வரி ஆர்டரைக் கிழித்துக் கூடையில் போட்டார். “புதுசா எழுதுங்க. ஒன்பது மணிக்கு மேல யாரும் ஓட்டக் கூடாது. படிக்கட்டு, சரிவுப் பாதை பக்கம் போகக் கூடாது. தலைக்கவசம் கட்டாயம்.”

கிளார்க் வேர்க்க விறுவிறுக்க எழுதினார். “இதுல எது மேடம் முதல் விதி?”

“அத உங்க வீட்டம்மாகிட்டயே கேளுங்க.”

டீச்சர் இப்போது நிமிர்ந்து நின்றார்.

“இதை முதல்ல எழுதுங்க. யாரையாவது இடிச்சுட்டா நிக்கணும், தூக்கிவிடணும், நான் இன்னாருன்னு சொல்லணும். பொது எடத்துல ஓடற உரிமை நமக்கு இருக்குன்னா, நம்மால ஒருத்தர் விழுந்தா நிக்கற பொறுப்பும் நமக்குத்தான். அதை நான் அன்னைக்குச் செய்யல. அதனால தப்பே பண்ணாத முப்பது பேரோட இடமும் போகப் பாத்துச்சு.”