பசியாறியாச்சா?

சாத்தூரிலிருந்து ஜொகூருக்குப் படிக்க வந்த சந்திரமதிக்கு ஆங்கிலம்கூடப் பெரிய தொல்லையாக இல்லை. தமிழ்தான் அவளைப் படுத்தியெடுத்தது.

கூலாய் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி. சரக்குப் போக்குவரத்துப் படிப்பு. முதல் நாள் வகுப்பில் மலாய்க்காரர்களும் சீனர்களும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்க, ஒரு பெண் இவளைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பெயர் எவ்லின், ஊர் சிம்பாங் ரெங்கம், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. தமிழ் முகத்தைக் கண்டதும் சந்திரமதிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

"நீ இந்தியாவா? பசியாறியாச்சா?" என்று கேட்டாள் எவ்லின்.

சந்திரமதிக்குச் சுருக்கென்றது. சாத்தூரில் 'சாப்பிட்டாச்சா' என்றுதான் கேட்பார்கள். பசியாறுவது வேறு சமாசாரம். அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரு அரிசி மில் முதலாளி தன் பிறந்தநாளுக்குப் ஏழைப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சோறு போட்டு, "நல்லாப் பசியாறுங்க, நல்லாப் பசியாறுங்க" என்று சொல்லிச் சொல்லிப் போட்டோ பிடித்துக்கொண்டார். மறுநாள் பேப்பரில் தட்டும் கையுமாக இவள் முகம் வந்தது. வகுப்பே கேலி பண்ணியது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "யார் சோத்துக்கும் நாம போய் நிக்கக் கூடாதுடி" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அந்த ரோசம் மகளோடு விமானம் ஏறி ஜொகூர் வரைக்கும் வந்திருந்தது.

உதவித்தொகையில் வந்தவள் என்று என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

"ஆச்சு," என்றாள். காலையிலிருந்து வயிற்றில் இருந்தது பச்சைத் தண்ணீர்தான்.

மறுநாளும் எவ்லின் விடவில்லை, அந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துக் கூப்பிட்டாள். "பசியாறியாச்சா? வா லா, எல்லாரும் கேன்டீன்ல இருக்காங்க."

"ஆச்சு."

அதற்கு மறுநாளும் அதே ஆச்சு. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இவள் சொன்ன அழகுக்கு யாருக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றும்? எவ்லின் கேட்பதை விட்டாள். முன்வரிசையில் பிராண்டன் என்ற தமிழ்ப் பையனோடு போய் உட்கார்ந்துகொண்டாள். சந்திரமதியின் பக்கத்து நாற்காலியில் அவளுடைய சொந்தப் பைதான் இருந்தது.

மொழி புரியாத ஊரில் தனியாக இருந்தால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். முன்வரிசையில் தமிழிலேயே பேசிச் சிரிக்கிறார்கள், அது காதில் விழுகிறது, அதில் தனக்கு இடமில்லை என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது? ஒரு சனிக்கிழமை அவள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாயங்காலம் விடுதிக் காவலாளியிடம் சாவி கேட்டபோது குரல் கரகரத்து வெளியே வரவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அம்மா போன் செய்தால் மட்டும், "நிறைய ஃப்ரெண்ட்ஸ்மா, நல்லாச் சாப்பிடுறேன்மா" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அந்த வாரம் விரிவுரையாளர் பெர்னார்ட் வகுப்புக்குள் நுழைந்தார். தேய்த்த சட்டை, டை, பெரிய கார் வைத்திருக்கும் தமிழர். எவ்லின் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

"சார், பசியாறியாச்சா?"

சந்திரமதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவரிடமா?

"இன்னும் இல்ல லா. கிளாஸ் முடியட்டும், ரொட்டி சானாய் சாப்பிடணும்," என்று சிரித்தார் அவர்.

அவ்வளவுதான். காலைச் சாப்பாடு. எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி. சந்திரமதிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னது இன்னும் மோசம்: நான்கு நான்கு பேராகச் சேர்ந்து செனாயில் ஒரு கிடங்கைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பில் விளக்க வேண்டும், குழு இல்லாதவர்களுக்கு இந்தப் பாடத்தில் மதிப்பெண் கிடையாது. கேன்டீனில் கூடி உட்கார்ந்தவர்கள் எப்போதோ குழுவாகிவிட்டிருந்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் எவ்லினை வாசலில் பிடித்தாள்.

"எவ்லின், பசியாறியாச்சா?"

"ஆச்சு," என்றாள் எவ்லின், முகத்தைப் பார்க்காமலே.

தான் அத்தனை நாள் கொடுத்தது தனக்கே திரும்பி வந்ததும் சந்திரமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க ஊர்ல இல்லாதவங்களுக்குச் சோறு போடுறப்பதான் அப்படிச் சொல்வாங்க. நீ என்னை அப்படி நினைச்சுக் கேக்குறன்னு..."

"அலமாக்," என்று ஐயையோ போடுகிற குரலில் சொல்லி நின்றாள் எவ்லின். "எங்கப்பாவையும் நான் அப்படித்தான் கேப்பேன். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எங்க தமிழ் ஒனக்கு மட்டமா இருக்கு போல, அதான் பேச மாட்டேங்கிறன்னு. வீட்டுல போய் அம்மாகிட்ட அழுதேன் லா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"குழு?" என்றாள் சந்திரமதி மெதுவாக.

"மூணு பேர் இருக்கோம். பிராண்டன் வேற யாரையோ சொல்றான். நான் பேசிப் பாக்குறேன். இப்ப எனக்கு பஸ் வந்துரும், நாளைக்குக் காலைல கேன்டீனுக்கு வா. மறுபடி ஆச்சுன்னு சொல்லாத."

எவ்லின் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். போன் அடித்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அம்மா.

"சாப்பிட்டியாடி?"

"இன்னும் பசியாறலம்மா." வார்த்தை தானாக வந்துவிட்டது.

அம்மா பதறிவிட்டாள்.

"என்னடி சொல்ற? அங்க பசியோடவா கெடக்க?"

இல்லம்மா, இங்கே அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேறு என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். சந்திரமதியால் முடியவில்லை.

"ஆமாம்மா," என்றாள். "பேசக்கூட ஆளில்லம்மா. நாளைக்குத்தான் ஒருத்தி சாப்பிடக் கூப்பிட்டிருக்கா."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"போ தாயி," என்றாள் அம்மா. "யாரு கூப்பிட்டாலும் போ."