மூலையில்லாத வீடு

“ஒங்க வீடு இந்த வருசமும் ஒரு சாண் நகந்திருக்கு அண்ணாச்சி. எங்க சொவத்துல இடிக்கி!” என்று பக்கத்து வீட்டு ஆவுடையப்பன் கத்தியதும், ஞானதுரை அந்தக் கோபத்தை அப்படியே தங்கை மேல் கொட்டினார்.

“ஏட்டி, கையெழுத்துப் போடு. ஒம் பாதியையும் இடிச்சு மூலை வச்சுக் கட்டுனாத்தான் இது நிக்கும்.”

“மூலையில்லாத வீட்டுலதான நீயும் பொறந்த? அப்பா எனக்கு எழுதிவச்ச பாதில ஒரு செங்கலத் தொட்டுப் பாரு,” என்றாள் முத்துசெல்வி. புருஷன் செத்தபின் அவளுக்கு இருந்தது அந்த முன்பாதி மட்டும்தான்.

வீடு நகர்வது தென்காசியில் ரகசியமில்லை. கொழும்பில் கப்பலைப் பார்த்துக் கிறங்கிவந்த தாத்தா 1938இல் கட்டியது. அரைவட்ட முகப்பு, வட்ட ஜன்னல்கள், மொட்டைமாடியில் இரும்புக்குழாய்க் கைப்பிடி, சுவரைச் சுற்றி மூன்று நீளக் கோடுகள். தூண் கிடையாது, பூவேலை கிடையாது, காற்று தங்க இடமே கிடையாது. சாரல் காலத்தில் செங்கோட்டைக் கணவாய்க் காற்றைக் கிழித்துக்கொண்டு மேற்கே ஒரு சாண் போகும். ஆவணி பிறந்தால் பிளம்பரைக் கூப்பிட்டு ஒரு சாண் பைப் சேர்ப்பார்கள். மேற்கே இருந்த காலிமனையில் ஆவுடையப்பன் வீடு கட்டும்வரை யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

ஞானதுரையின் மகள் பெர்சிஸைப் பெண் பார்க்க வந்தவர்கள், நிற்காத வீட்டில் பெண் எடுப்பதில்லை என்று போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காரும் ஞானதுரை, திங்கட்கிழமை வாஸ்துக்காரரைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்தார். தெரு பார்க்கவில்லை என்று நினைப்பு. தங்கை மசியாததால் தன் பின்பாதிக்கு மட்டும் இரண்டு மூலை வைத்துக் கட்டி, நான்கு தூண் நிறுத்தி, தூண்தலையில் சிமெண்டுத் தாமரையும் வைத்தார்.

ஆடி மூன்றாம் செவ்வாய், காலை பத்தரைக்குக் காற்று வந்தது. தூண்கள் அதைப் பிடித்துக்கொண்டன, பின்பாதி நின்றது. முன்பாதி நிற்கவில்லை. பத்திரத்தில் கண்ட கோட்டிலேயே பிரிந்து, ஆவுடையப்பன் சுவரில் உரசாமல் வளைந்து, குற்றாலம் ரோட்டில் ஏறியது.

“ஏட்டி, நில்லுட்டி! கையெழுத்து வேண்டாம்!” என்று ஞானதுரை லுங்கியைப் பிடித்தபடி ஓடினார்.

வட்ட ஜன்னலில் முத்துசெல்வி முகம் தெரிந்தது. “ஒம் பக்கம் இப்பம் சொவரு இல்லண்ணே. உள்ள போ, நனஞ்சிராத.”

ஐந்தருவிக்குக் கீழே மலை மறித்ததால் வீடு அங்கே நின்றது. பின்புறச் சுவரையும் முத்துசெல்வி வளைத்தே எடுத்தாள்; பஞ்சாயத்தில் கதவு எண் கொடுத்துவிட்டார்கள். பெர்சிஸ், அருவியில் சிப்ஸ் கடை போட்டிருக்கும் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டு அத்தையோடு அங்கேயே இருக்கிறாள். ஞானதுரை இரண்டு சாரல் தார்ப்பாய் கட்டிப் பார்த்துவிட்டு, மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். கல்யாணத்துக்கு வரவில்லை. வீடு எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை என்றாராம்.