மூன்றாம் ஜன்னலில் ஆள் இல்லை

உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல் என்னுடையது. வரிசையில் வருகிறவர்களிடம் பதினெட்டு வருஷமாக நான் சொல்வது ஒன்றுதான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. ஊர்க்கதை வேண்டாம்."

இப்போது அரைமணிக்கொரு தரம் அங்கே நான் இருப்பதில்லை. வயிறு முறுக்கினால் அடுத்த நிமிஷம் கழிப்பறையில் இருக்க வேண்டும். சில நாள் ரத்தமும் போகும். திரும்பி வந்தால் வரிசை முணுமுணுக்கும். ஒரு டாக்டர் மூலவியாதி என்றார், ஒருவர் பதற்றம் என்றார், இன்னொருவர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். உப்புச்சப்பில்லாமல் தின்று நாக்கு செத்ததுதான் மிச்சம். வீட்டுக்காரர் தன் பங்குக்கு, "எல்லாம் மனசுதான்" என்றார். அவருக்கு ஒரே ஒரு நாள் இப்படிப் போகட்டும் என்று ஆத்திரமாக வந்தது.

மேலதிகாரி கெடு வைத்தார். "வியாதி பேரோட சர்டிபிகேட் கொண்டாங்க. இல்லேன்னா திங்கக்கிழமைலேர்ந்து மாடியில ஆவண அறைதான்." அங்கிருந்து கழிப்பறைக்கு இரண்டு மாடி இறங்க வேண்டும். பாதிப் படியிலேயே என் மானம் போய்விடும்.

நாலாவது டாக்டர் சின்னப் பெண். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தபிறகு, "எப்பவாவது கரண்ட் வச்சாங்களாம்மா?" என்று கேட்டாள்.

"கர்ப்பப்பை வாயில கேன்சருக்கு வச்சாங்க. ஒன்பது வருஷமாச்சு. அது குணமாயிடுச்சே."

"அந்தக் கதிர்வீச்சு குடல்லயும் பட்டிருக்கு. சிலருக்குப் பல வருஷம் கழிச்சு இப்படி வரும். வைத்தியம் இருக்கு, கவலைப்படாதீங்க. ஏம்மா இதை யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

மூன்று இடத்துப் படிவத்திலும் 'அறுவை சிகிச்சை உண்டா?' என்றுதான் இருந்தது. எனக்குக் கத்தி வைக்கவில்லை. இல்லை என்று எழுதினேன்.

மறுநாள், ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்த தன் மேஜையில் அதிகாரி சர்டிபிகேட்டைப் படித்தார். முகம் இளகியது. "அடடா, கேன்சரா. அப்ப மாடிதான் உங்களுக்கு நல்லது. கூட்டமில்ல, நிம்மதியா இருக்கலாம்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"நிம்மதி வேணாம் சார். கக்கூஸ் வேணும்."

அதோடு நிறுத்தவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை தரம், ரத்தம் எப்படி, போன மாதம் பஸ்ஸில் என்ன ஆயிற்று, பையில் மாற்றுத்துணி ஏன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இதில் எதையும் கேட்கவில்லை. வரிசை மொத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரிம்மா, இங்கயே இருங்க" என்றார், மேஜையைப் பார்த்துக்கொண்டே.

ஜன்னலில் போய் உட்கார்ந்தேன். முன்னால் நின்ற பெரியவர் படிவத்தை நீட்டவில்லை. "போகணும்னா போயிட்டு வாம்மா. நாங்க நிக்கிறோம்."

அப்போது எனக்கு வரவில்லை. இருந்தும் எழுந்து போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.