பதினைந்தாம் நாள் அட்டை

திட்ட அதிகாரி அமிர்தலிங்கம் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் கையில் பதினைந்தாம் நாள் அட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது என் மாணவி ஜோசலினுடையது: "உன் அம்மா என்ன வேலை செய்கிறார்?"

ஞாபக ஆராய்ச்சியை எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்தவர் அமிர்தலிங்கம்தான். எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு 'நாற்காலி – மேகம்' என்று சொல் ஜோடிகளைக் கொடுத்துச் சோதித்தார்களாம். திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு இடைவெளி விட்டுக் கேட்டால் மறக்காதாம். ஒன்றாம் நாள், மூன்றாம் நாள், பதினைந்தாம் நாள், முப்பதாம் நாள். அதே பிள்ளை, அதே கேள்வி, அதே பதில். பொய் சொல்லக் கூடாது, பலித்தது. எங்கள் ரந்தாவ் தோட்டப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தார்கள். நானும்தான் பூரித்துப்போனேன்.

ஆறாம் நாள் ஜோசலினின் அம்மாவை ரெம்பாவ் சாலையில் லாரி அடித்துவிட்டது. சவப்பெட்டிக்குப் பின்னால் நானும் கல்லறைவரை நடந்தேன்.

இன்று மணி அடிக்குமுன்பே அதிகாரியிடம் சொன்னேன்.

"சார், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேள்விய மாத்திக்கிறேன். அம்மா எறந்து ஒம்பது நாளுதான் ஆவுது."

"பாவந்தான்லா. ஆனா மாத்தினா டேட்டா கெட்டுப்போயிரும், குமுதவல்லி டீச்சர். ஒரு கேள்விதானே, கேட்டுட்டுப் போங்க."

தலைமையாசிரியர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். பூனைக்கு விளையாட்டு, எலிக்குப் பிராணசங்கடம். தூ என்று துப்ப வேண்டும்போல் இருந்தது. துப்பவில்லை. முன்மாதிரி ஆசிரியை என்று திட்ட அறிக்கையில் என் பெயரை எழுதியிருந்தார்கள்.

கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன்.

ஜோசலின் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். "என் அம்மா தொழிற்சாலையில் வேலை செய்கிறார்." ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. மற்ற பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பாகுஸ்!" என்று மலாயில் பாராட்டினார் அதிகாரி. பேனா சரி போட்டது. அவரைவிட என்மேல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன், மறுபடி மடித்து வைத்தேன். அப்போது ஜோசலின் மேசையருகே வந்தாள்.

"டீச்சர், சரியா சொன்னேனா?"

"சரிம்மா."

"முப்பதாவது நாளும் இதையேதான் சொல்லணுமா?"

அட்டைப் பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. 'முப்பது' என்று எழுதிய தடுப்புக்குப் பின்னால் அவளுடைய அட்டையைச் சற்றுமுன் நானே செருகி வைத்திருந்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.