பெயருக்கு வாடகை

பஸ்ரியன் தன் பெயருக்கு வைத்த விலை மாதம் ஐயாயிரம் ரூபாய். ஐந்நூறு குறைக்கவும் மனதுக்குள் ஆயத்தமாகத்தான் இருந்தார். வாங்க ஆள் வராமலே இப்போது தோட்டவெளி வீட்டு விறாந்தையில், வெள்ளைச் சட்டை போட்டு, விரல்களில் செபமாலை சுற்றி, சவப்பெட்டிக்குள் கிடந்தார். மகள் நிருஷா ஒரு கையால் அவருடைய கொலரை நேராக்கிக்கொண்டு, மறுகையால் பட்டன் போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"லொக்கேசனை அனுப்பு அக்கா," என்றான் தம்பி கிறிஸ்ரி. கனடாவிலிருந்து இறங்கி, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வாடகை வான் பிடித்து, ஒருவழியாக ஊருக்குள் வந்துவிட்டிருந்தான்.

"இந்தப் போனில என்னத்தை அனுப்புறது? இது அடிக்கும், நான் எடுப்பன். அவ்வளவுதான்."

"கடைப் பேரை அடிச்சாலும் வருகுதில்லையே."

"வராது. அப்பா குடுக்கேல்லை."

தேடுவதற்கு, கடிதம் போடுவதற்கு, வழி பார்ப்பதற்கு என்று உலகம் முழுக்க ஒரே கொம்பனியின் வாசலில் போய் நின்றபோது, போகாமல் இருந்தவர் பஸ்ரியன். அவருடைய கருவாட்டுக் கடையை அந்தக் கொம்பனியின் வரைபடத்தில் ஏற்றித் தருவதாக, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு பெடியன் ஒருநாள் வந்தான்.

"எவ்வளவு?" என்று கேட்டார் பஸ்ரியன்.

"ஓசி ஐயா."

"ஓசியெண்டால் ஏன் தம்பி இந்த வெயிலுக்க ரையும் கட்டிக்கொண்டு வந்தனீர்?"

உலகமே உங்கள் பெயரைப் பார்க்கும் என்றான் பெடியன். "அப்ப என்ர பேரை உங்கட பலகையில போடப்போறியள். மதிலில விளம்பரம் எழுதினாலே வீட்டுக்காரனுக்கு வாடகை இருக்கு. மாதம் ஐயாயிரம் தரச்சொல்லும்." பெடியன் சிரித்தான், தேத்தண்ணி குடித்தான், ஒரு கிலோ சீலாக் கருவாடு வாங்கிக்கொண்டு போனான். அதில் பஸ்ரியன் ஒரு சதமும் குறைக்கவில்லை.

விலை இல்லாத சாமானுக்குப் பேரம் பேச முடியாது. பேரம் பேச முடியாத எதையும் அவர் வீட்டுக்குள் எடுத்ததில்லை. கிறிஸ்ரி ஆசையாக அனுப்பிய பெரிய போனைக்கூட, பெட்டி பிரிக்காமல் ஓட்டோக்கார ஸப்ராஸுக்கு விற்றார். விற்றதோடு விட்டாரா? எவ்வளவுக்குப் போனது என்று மகனுக்கே பெருமையாகச் சொன்னார். ஞாயிறு தவறாமல் அழைத்துவந்த கிறிஸ்ரி அதோடு நிறுத்தினான். அவரும் அழைக்கவில்லை. மற்ற ஆள் முதலில் இறங்கட்டும் என்று இருவரும் விலையில் நின்றதில் இரண்டு வருஷம் போனது. போன செவ்வாய்க்கிழமை பஸ்ரியன் கடையைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர், எழும்பவில்லை.

நாலு மணிக்குக் கோயிலில் பூசை. அதற்கு முன் பெட்டியை மூடியாக வேண்டும். மூடிவிட்டால் கிறிஸ்ரிக்கு அப்பாவின் முகம் இல்லை. கடையோடு சேர்ந்த இந்த வீடோ, அவன் வெளிநாடு போன பிறகு கட்டியது.

"இப்ப எங்க நிக்கிறாய்?"

"தோட்டவெளியெண்டு அடிச்சன். இங்க கொண்டுவந்து விட்டிருக்கு. ஒரே பனை. அஞ்சு கழுதை நிக்குது."

"கழுதையை வைச்சு இடம் சொல்லேலாதடா. அது நடக்கும். ஆரையும் கேளன்."

"அப்பாட வீட்டுக்கு வழி கேக்கிறதோ அக்கா?"

"கேக்காட்டிக் கழுதையோட நில்."

ஓட்டோ ஒன்று வரும் சத்தம் கேட்டது. "அண்ணை, பஸ்ரியன் கருவாட்டுக் கடை?" என்று தம்பி கேட்பதும், "பின்னால வாங்கோ சேர்" என்று ஸப்ராஸ் சொல்வதும் கேட்டன. நிருஷாவுக்கு உயிர் வந்தது. அங்கிருந்து எத்தனை தூரம், எட்டிப் பிடிக்கிற தூரம்.

பாதர் வந்தார். செபம் முடிந்தது. சவப்பெட்டி கொண்டுவந்த மலர்ச்சாலைக்காரர் மூடியைத் தூக்கி மதிலோடு சாய்த்து வைத்தார். வான் வரவில்லை. நிருஷா திரும்ப அழைத்தாள்.

"ஓட்டோவுக்குப் பின்னாலதான் வாறம். கடல் தெரியுது."

நிருஷாவுக்கு விளங்கிவிட்டது. நேர் றோட்டில் வந்தால் சரிபுதீன் நானாவின் கருவாட்டுக் கடை முதலில் வரும். ஆகவே தன் கடையை விசாரிக்கும் வாகனத்தைக் கரைப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது பஸ்ரியன் ஓட்டோக்காரர்களுக்குப் போட்ட சட்டம்; கூலி, வாகனத்துக்கு ஒரு பார்சல் கருவாடு. வவுனியாவுக்குப் போய் இப்போதுதான் திரும்பிய ஸப்ராஸுக்குச் சாவு தெரியாது. அவன் பாட்டுக்கு யாவாரம் கொண்டுவருகிறான்.

சரிபுதீன் நானா முன்வரிசைக் கதிரையில், பெட்டிக்கு நேரே இருந்தார். நிருஷா குரலைத் தாழ்த்தினாள். "நேர் றோட்டால வரச்சொல்லு."

"கேட்டனான். அங்க பாலம் உடைஞ்சுபோச்சாம்."

"என்ன பாலம் புள்ள?" என்றார், போன் சத்தம் காதில் விழுந்த சரிபுதீன். "எண்ட றோட்டில பாலமே இல்லையே."

நிருஷா அவரைப் பார்க்காமல் போனுக்குள் கேட்டாள்: "நீ ஆரெண்டு சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லு."

வான் நிற்கும் சத்தம். காற்று. பிறகு கிறிஸ்ரியின் குரல், தூரத்தில், யாரிடமோ கடன் கேட்பதுபோல: "அண்ணை, நான் கடைக்கு வரேல்லை. பஸ்ரியன்ர மகன். அவர் செத்துப்போனார்."

"யா அல்லாஹ்," என்றான் ஸப்ராஸ். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் போன் அனுப்பினது நீங்கள்தானோ சேர்? நல்ல போன்." பிறகு ஓட்டோ திரும்பும் சத்தம்.

பாதர் மணிக்கூட்டைப் பார்த்தார். சரிபுதீன் எழும்பிப் பெட்டியருகே போய், பஸ்ரியனுடைய முகத்தை மேலிருந்து கீழாக, மீன் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "அதுதான் ஒரு வாகனமும் எண்ட பக்கம் வரல்ல. சாகும்வரைக்கும் வாய் துறக்கல்ல பாருங்க." தோளில் கிடந்த துவாயால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதரிடம் திரும்பினார். "கொஞ்சம் பொறுப்பம் பாதர். புள்ள பிந்தினதில புள்ளையில பிழை இல்ல. இந்த மனிசன்தான் சுத்த விட்டிருக்கிறார்."

வான் வந்தபோது நாலு மணி அடித்துவிட்டது. கோயிலிலும் சனம் காத்துக்கொண்டிருக்கிறது என்றார் பாதர். "அஞ்சு நிமிசம் தாறன் மகன்."

கிறிஸ்ரி சப்பாத்தைக் கழற்ற மறந்து பெட்டியடிக்கு வந்தான். முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, அப்பாவின் காதோடு வாயை வைத்து என்னவோ சொல்லத் தொடங்கினான். பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒரு சொல் கேட்கவில்லை. இடையில் ஒருதரம் சிரித்த மாதிரியும் இருந்தது. மலர்ச்சாலைக்காரர் மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நிருஷா தூணில் சாய்ந்தபடி, கடைக்காரி பழக்கத்தில் கணக்குப் பார்த்தாள். இரண்டு வருஷத்து ஞாயிறுகள், நூற்றுச் சொச்சம். ஞாயிற்றுக்குப் பத்து நிமிஷமென்று குறைத்துப் போட்டாலும் ஆயிரம். பாதர் தந்தது ஐந்து. மிச்சம் பாக்கி.