அரை சென்டிமீட்டர் வலது பக்கம்

படகுத்துறை ஜன்னலில் பத்தொன்பது வருடம் டிக்கெட் கொடுத்தவள் என்பதால் ஊரே அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டது. ஒருநாள் ஜன்னலை மூடிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் கரைக்குச் சீட்டு வரும் என்று கடைசி நாள் முழுக்கப் பயணிகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நான்கு நாள் சும்மா இருந்து பார்த்தாள். கை அரித்தது. ஐந்தாம் நாள், நூலகத்தில் இணையதளம் செய்யக் கற்றுத்தருகிறார்கள், மூன்று மாதம், என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு உடனே பேரைக் கொடுத்தாள். வயது நாற்பத்து நான்கு. வகுப்பில் இருந்த மற்றவர்களை எல்லாம் சின்னப் பிள்ளைகளாகத் துறையில் அரை டிக்கெட் கொடுத்து அனுப்பியவள் அவள். ஆனாலும் பாடம் அவளுக்குப் பிடிபட்டது. எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி, எது எந்த நிறம், எவ்வளவு இடைவெளி என்று பிரவுசருக்குச் சொல்லும் கட்டளைகளுக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். வரிசையில் நிற்பவர்களை ஒழுங்காக நிற்கவைப்பது அவளுக்குப் புதிதா என்ன?

படிப்பு முடிந்ததும் முதல் வேலை குடும்பத்துக்குள்ளேயே வந்தது. கணவரின் தங்கை, அதாவது அவளுடைய நாத்தனார், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். பழைய கடை இடுக்காகிவிட்டதால் இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை திறப்பு. புதுக் கடைக்கு ஓர் இணையதளம் வேண்டும், அதை அண்ணிதான் செய்ய வேண்டும் என்று அவளே வந்து கேட்டாள்.

டிக்கெட்டக்காவுக்குச் சந்தோஷம்தான், கூடவே பயமும். நாத்தனாரின் கண் அப்படிப்பட்டது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவாளோ இல்லையோ, முதலில் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவாள். மேசைவிரிப்பு ஒரு பக்கம் இறங்கியிருந்தால் பேச்சு நடக்கும்போதே அவள் விரல் மெதுவாக அதை இழுத்துவிடும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து டிக்கெட்டக்கா அவளுக்கு ரகசியமாக ஒரு பெயர் வைத்திருந்தாள்: ரசமட்டம். கொத்தனார் சுவர் நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பாரே, அது. கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத பெயர்.

பத்து நாளில் பக்கம் தயாரானது. வெளிர்நீலப் பின்னணி, கடையின் படம், மேலே ஒரு பட்டையில் நான்கு சொற்கள்: முகப்பு, கண்ணாடிகள், கண் பரிசோதனை, கடைக்கு வழி. இந்த நாலு சொல் வரிசைக்குத்தான் மெனு என்று பெயர். அதை ஒரு பட்டியலாக எழுதி, நடுவில் நிறுத்த வேண்டும் என்று கட்டளையும் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சுட்டியை அனுப்பினாள். அரை மணி நேரத்தில் நாத்தனார் போன் செய்து, நிறம் நல்லா இருக்கிறது, எழுத்து நல்லா இருக்கிறது என்று வரிசையாகப் பாராட்டினாள். கடைசியில் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த மெனு ஒரு பொடி வலது பக்கமா தள்ளி இருக்கு."

நடுவில்தான் இருக்கிறது என்றாள் டிக்கெட்டக்கா. இருக்கலாம், எதற்கும் ஒரு தடவை பாருங்கள் என்று நாத்தனார் போனை வைத்தாள்.

ஆரம்பிச்சாச்சு ரசமட்டம், என்று டிக்கெட்டக்கா முணுமுணுத்தாள். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மருத்துவமனைச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறவர். அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்துவிட்டு, நட்டநடுவில் இருக்கிறது, அவளுக்கு வேறு வேலை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் மாலையிலேயே நாத்தனார் நேரில் வந்துவிட்டாள். வந்தவள் படத்தை நேராக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்தாள். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்கக் கடையில் வைத்திருப்பது. அதைத் திரைமேல் வைத்து, மெனுவுக்கு இடப்பக்கம் விட்ட இடத்தை அளந்தாள், ஒன்பது சென்டிமீட்டர். வலப்பக்கம் எட்டு. நடுவை விட்டு அரை சென்டிமீட்டர் தள்ளித்தான் இருந்தது. டிக்கெட்டக்காவுக்குக் காது சூடானது.

கணவர் விடவில்லை, அளவுகோலில்தான் ஏதோ கோளாறு என்றார். நாத்தனார் அண்ணனை ஒரு முறை உற்றுப் பார்த்தாள். செய்தித்தாளை எடுத்து, கதவருகே போய் நின்று, தலைப்புக்கு அடியில் இருக்கும் வரியைப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தது அந்தச் செய்தித்தாளில் இல்லவே இல்லை. கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். கை நீளம் போதவில்லை. கொஞ்ச நாளாகச் சமையற்கட்டில் டப்பாவின் எழுத்தைப் பார்க்காமல் திறந்து மோந்து பார்த்துத்தான் எடுக்கிறார் என்ற உண்மையும் அப்போதுதான் வெளியே வந்தது. வியாழக்கிழமை கடைக்கு வந்து கண்ணைக் காட்டும்படி உத்தரவானது. எதை நம்பி மெனுவை அண்ணனிடம் காட்டினீர்கள் என்று கேட்பதுபோல நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகும் மெனு அங்கேயேதான் இருந்தது.

புதன்கிழமை காலையிலிருந்து டிக்கெட்டக்கா அதனோடு மல்லுக்கட்டினாள். சொற்களை நடுவில் நிறுத்து என்ற கட்டளை சரியாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் தானாகச் சமமாக ஒதுங்கு என்று இன்னொரு கட்டளையைச் சேர்த்தாள். அசையவில்லை, பட்டியலே பக்கம் முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது எந்தப் பக்கம் ஒதுங்கும்? கடைசியில் பொறுமை போய், அகலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடப்பக்கம் நகரு என்று ஒரு தள்ளு தள்ளினாள். அவளுடைய மடிக்கணினியில் மெனு அச்சாக நடுவுக்கு வந்து நின்றது. அளவுகோல் வைத்தும் பார்த்துவிட்டாள். ஊதினால் பறந்துவிடும்போல் மனசு லேசானது.

வியாழக்கிழமை புதுக் கடைக்கே போய்க் காட்டினாள். கடையில் பாதிக் கண்ணாடிச் சட்டங்கள் இன்னும் அட்டைப்பெட்டிக்குள் இருந்தன. பெயிண்ட் வாசனை அடித்தது. கல்லா மேசையில் இருந்த பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தார்கள். மெனு இப்போது இடப்பக்கம் போயிருந்தது. நாத்தனார் தன் போனில் திறந்தாள். அதில் வலப்பக்கம். நூற்றுக்கு இரண்டு என்பது பெரிய திரையில் பெரிய தள்ளாகவும், சின்னத் திரையில் சின்னத் தள்ளாகவும் ஆகிவிட்டது. ஒரு மெனு, மூன்று திரையில் மூன்று இடம்.

டிக்கெட்டக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் சில்லறை தப்பாகக் கொடுத்ததில்லை என்று பெயர் எடுத்தவள். நாலு சொல்லை நடுவில் நிறுத்த முடியவில்லை.

"என்னால முடியாதும்மா. நாளை மறுநாள் திறப்பு. ஏதாவது கம்பெனிகிட்ட குடுத்துடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

நாத்தனார் கையிலிருந்த சட்டத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தாள்.

"கம்பெனிகிட்ட குடுத்துட்டு யார்கிட்ட போய் நகரு நகருன்னு நச்சரிப்பேன்? நான் ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தப் பக்கத்தைத் தொறந்து பார்க்கறேன் அண்ணி. அவ்வளவு ஆசையா இருக்கு. அதனாலதான் அது என் கண்ணுல பட்டுச்சு. குறை கண்டுபிடிக்கன்னு நான் பார்க்கல."

துடைத்த துணியை மடித்துக்கொண்டே சேர்த்தாள்.

"நான் ரசமட்டம்தான். அதுக்குன்னு கொத்தனாரை ஓட விடுவேனா?"

அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று டிக்கெட்டக்கா கேட்டாள். நாத்தனார் சொன்னாள்: பெயர் வைத்த வாரமே அண்ணன் வந்து சொல்லிவிட்டானாம். ஆறு வருடமாகத் தெரியுமாம். கோபம் இல்லையா என்று கேட்டதற்கு, இதைவிட மோசமான பெயர் எல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்தது, இது நல்ல பொருத்தமான பெயர் என்றாள். அந்த மனிதர் வீட்டுக்கு வரட்டும் என்று டிக்கெட்டக்கா பல்லைக் கடித்தாள். ஆனால் நெஞ்சில் ஆறு வருடமாக இருந்த ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டதுபோல இருந்தது.

நாத்தனார் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தனக்கு இந்தக் கட்டளை எல்லாம் புரியாது, ஆனால் எந்தப் பெட்டிக்குள் எந்தப் பெட்டி இருக்கிறது என்று மட்டும் கண்ணுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டாள். காட்ட முடியும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறம் அடித்தால் போதும். முதலில் அந்தத் தள்ளு கட்டளையை டிக்கெட்டக்கா அழித்தாள். மேல்பட்டைக்கு மஞ்சள் அடித்தாள், அதற்குள் இருக்கும் பட்டியலுக்குப் பச்சை, நான்கு சொற்களுக்கும் நான்கு சிவப்பு. பக்கம் கண்ணைக் குத்தியது.

திரையில் பிரவுசர் ஜன்னலை இழுத்துச் சின்னதாக்கினார்கள். சின்னதாக ஆக, சொற்கள் நெருங்கி, கடைசிச் சொல் இரண்டாவது வரிக்கு இறங்கப் பார்த்தது. சிவப்புப் பெட்டிகள் வலது ஓரத்தில் பச்சையின் விளிம்புவரை போய்விட்டன. இடது ஓரத்தில் மட்டும் விரல் அகலத்துக்குப் பச்சை மிச்சம் இருந்தது. எவ்வளவு நெருக்கினாலும் சொற்கள் அதற்குள் கால் வைக்கவில்லை.

"இந்த இடம் யாருக்குன்னு விட்டு வச்சிருக்கு?" என்று நாத்தனார் பச்சையைத் தொட்டுக் கேட்டாள்.

டிக்கெட்டக்கா திரையையே பார்த்தாள். பட்டியல் என்று எழுதினாலே பிரவுசர் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு கறுப்புப் புள்ளி வைக்கும். மெனுவுக்கு அது அசிங்கமாக இருக்கும் என்று அவள் முதல் நாளே புள்ளிகளை எடுத்துவிட்டாள். ஆனால் அந்தப் புள்ளிகள் உட்காருவதற்கென்று பிரவுசர் தானாகவே இடப்பக்கம் ஒதுக்கிய இடத்துக்குப் பெயர் பேடிங். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, பிரவுசரும் எடுக்கவில்லை. மிச்சம் இருந்த இடத்தில் சொற்கள் சரியாக நடுவில்தான் நின்றிருந்தன. பாவம், கட்டளைமேல் தப்பே இல்லை.

"ஆளு எந்திரிச்சுப் போய் பத்து நாளுக்கு மேல ஆச்சு. சீட்டு மட்டும் இன்னும் ரிசர்வ்ல கிடக்குது," என்றாள் டிக்கெட்டக்கா. சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஒரே வரி. பட்டியலுக்கு பேடிங் பூஜ்யம் என்று எழுதினாள். பச்சை விளிம்பிலிருந்து சிவப்புகள் இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் போய் நின்றன. பெரிய திரையில் நடு. போனில் நடு. மடிக்கணினியில் நடு. நாத்தனார் அளவுகோலை மூன்றிலும் வைத்து எடுத்துவிட்டு, சட்டைப்பைக்குள் போட்டாள். அவள் வாயிலிருந்து பாராட்டு வந்திருந்தால்கூட டிக்கெட்டக்காவுக்கு இவ்வளவு நிறைந்திருக்காது.

நிறங்களை அழித்துவிடலாமா என்று டிக்கெட்டக்கா கேட்டாள். கொஞ்ச நேரம் இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றாள் நாத்தனார். அந்த நேரம் பார்த்துக் கண்ணைக் காட்ட வந்து சேர்ந்த கணவர், திரையைப் பார்த்து, இது என்ன பழக்கடையா என்றார். ரசமட்டம் என்ற பெயர் வெளியே போனதற்கு அன்று அவரிடம் முறைப்படி விசாரணை நடந்தது. நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணில் சோதனைச் சட்டத்தை மாட்டி, எழுந்து ஓட முடியாத நிலையில் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையாக, சனிக்கிழமை வருகிறவர்களுக்கு எல்லாம் எலுமிச்சைச் சாறு கலந்து கொடுக்கும் வேலை அவருக்கு விழுந்தது.

திறப்பு நன்றாக நடந்தது. கடைக்கு வழி என்ற சொல்லைத் தொட்டு, வரைபடத்தைப் பார்த்து, நேரே வந்து நின்றவர்கள் மட்டும் ஏழு பேர். அவர்களில் ஒருத்தி பக்கத்துத் தெருவில் நடனப்பள்ளி நடத்துகிறவள். இந்தப் பக்கத்தை யார் செய்தது என்று அவள் கேட்டாள். நாத்தனார் அண்ணியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். தனக்கும் ஒன்று வேண்டும் என்றாள் அந்தப் பெண். மெனுவில் எட்டுச் சொற்கள் வருமாம், நடுவில் வேண்டுமாம். டிக்கெட்டக்கா குறிப்பேட்டை எடுத்து, என்னென்ன சொற்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாள்.